இல்லாத டேங்குக்கு வந்த ஆபத்து

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகம். இந்தச் 'சுகம்' என்ற சொல்லைப் போன வாரம் எழுதியிருந்தால் பச்சைப் பொய்யாகியிருக்கும். நேற்றுச் சாயங்காலத்திலிருந்துதான் அது உண்மை. அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், கடையில் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்றும் நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். அக்காவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் இந்தக் கடிதத்தை நீங்கள் முதலில் படித்துவிட்டு, பிறகு நடுநடுவே விட்டுவிட்டுப் படித்துக் காட்டவும்.

நீங்கள் பலமுறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். எடுத்திருந்தால் உங்கள் குரலைக் கேட்டதும் அழுதிருப்பேன், அத்தான். ஐம்பது வயதுக்கு மேல் போனில் அழுவது நன்றாக இருக்காது என்றுதான் எடுக்கவில்லை. உங்கள் பழைய சிநேகிதரும் என் புது முதலாளியுமானவர் உங்களைக் கூப்பிட்டு, "உங்க மச்சினர் பாதி ஆலையைக் கட்டிட்டு மீதியைக் காத்துக்கு விட்டுட்டாரு" என்று புகார் சொன்னது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அதை என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னார். பழைய கம்பெனியை மூடிய பிறகு நான் நாயாய் அலைந்துகொண்டிருந்தபோது, "அவன் என் பொறுப்பு" என்று நீங்கள் வாக்குக் கொடுத்து வாங்கித் தந்த வேலை இது. ஆலைக்கு லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வேலையும் கிடையாது, வேலையோடு வந்த, ஆலை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் குவார்ட்டர்ஸும் கிடையாது என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரி பெட்டிகளைப் பிரிப்பதை நிறுத்திவிட்டாள். "லைசென்ஸ் வரட்டுங்க, அப்புறம் பாத்திரத்தை எடுக்கலாம். கட்டிக் கட்டிப் பிரிச்சு எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள். இரண்டு தட்டு, ஒரு வாணலி, ஆளுக்கொரு டம்ளர் என்று மூன்று மாதமாகக் குடித்தனம் நடந்தது. நானும் பெரியவளும் சாப்பிட்டுக் கழுவி வைத்த தட்டில்தான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

நான் செய்த குற்றம் என்னவென்று உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது உங்கள் கடைத் தையல்காரர் கீழே கொஞ்சம் துணியை உள்ளே மடித்துத் தைப்பார் அல்லவா, பிறகு பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று? அதைத்தான் நான் ஆலையில் செய்தேன். இது லாரியில் வரும் கேஸை ஒரு பெரிய டேங்கில் இறக்கி, அங்கிருந்து குழாய் வழியாக ஷெட்டுக்குக் கொண்டுபோய், வீட்டுச் சிலிண்டர்களில் நிரப்பி அனுப்பும் ஆலை. இன்றைக்கு ஒரு டேங்கு போதும். நாளைக்கு ஊர் பெருகினால் இன்னும் இரண்டு வேண்டியிருக்கும். அதனால் டேங்குகளுக்கு நடுவே விட வேண்டிய பாதுகாப்பு இடைவெளியை இன்றே விட்டு, அடுத்த டேங்கு உட்காரக் கான்கிரீட் மேடையும் கட்டிவிட்டேன். குழாயைத் தேவைக்கு மேல் ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டு, முனையில் தகடு வைத்து போல்ட்டால் மூடினேன். ஷெட்டின் ஒரு பக்கச் சுவரைச் செங்கலில் கட்டாமல், கழற்றி நகர்த்திக்கொள்ளும்படி தகரத்தில் போட்டேன். கிழக்கே ஒரு பெரிய மைதானத்தையே சும்மா விட்டேன். முதலாளி முதல் தடவை சுற்றிப் பார்க்க வந்தபோது அந்தக் குழாய் முனையில் வந்து நின்றார்.

"என்ன இன்ஜினியரே, குழாய் வருது, வருது, வந்து சும்மா நிக்குது?"

"நாளைக்கு ரெண்டாவது டேங்கு வந்தா இதுல மாட்டிக்கலாம் சார்."

"நாளைக்கு வந்தா நாளைக்கு நீட்டிக்கிறது!"

"நாளைக்கு உள்ள கேஸ் இருக்கும் சார். கேஸ் இருக்கிற எடத்துல வெல்டிங் வெச்சோம்னா, ரெண்டாவது டேங்கு வர்றதுக்குள்ள மொத டேங்கு போயிடும். நாமளும் அது கூடவே போயிடுவோம். அதனால நாளைக்கான தீப்பொறி வேலையை எல்லாம் இன்னைக்கே முடிச்சிடணும்."

"சரி, அது போகட்டும். அந்த மேடையில டேங்கே இல்லையேய்யா? அதுக்கு மேல எதுக்குச் சுத்திவரத் தண்ணிக் குழாய்? இல்லாத டேங்குக்குக் குளிக்கத் தண்ணியா?"

தீப்பிடித்தால் டேங்கு சூடேறாமல் இருக்க மேலேயிருந்து தண்ணீர் கொட்டும் குழாய் அது. இதையும் இப்போதே போட்டுவிட்டால் பின்னால் பம்பு, தொட்டி, மோட்டார் எதையும் மாற்ற வேண்டாம் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. நல்ல மனிதர்தான், அத்தான். கையில் இருப்பதை எல்லாம் போட்டுத் தொழில் தொடங்குகிறவருக்குக் காலி இடத்தைப் பார்த்தால் வயிறு எரியத்தானே செய்யும்? அந்த எரிச்சலில் அவர் அந்த மைதானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப ஆரம்பித்தார். முதலில் அவர் வீட்டுப் பழைய சோபா வந்தது. "சும்மா ரெண்டு நாளைக்கு" என்றார். சோபாவுக்குத் துணையாக ஒரு கதவில்லாத பீரோ வந்தது. பீரோவைத் தொடர்ந்து ஓடாத குளிர்சாதனப் பெட்டி, அவர் மகன் சின்ன வயதில் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள், யாரோ பாதியில் விட்டுப்போன படகு ஒன்று. படகு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கே பக்கத்தில் குளம்கூடக் கிடையாது. காவல்காரர் ஒரு மூலையில் தக்காளி போட்டார். நான் 'எதிர்கால விரிவாக்கத்துக்கான இடம்' என்று பெரிதாக ஒரு போர்டு எழுதி நட்டேன். அதில் ஈரத்துணி காயப்போட்டார்கள். தினமும் ஒரு சாமானை வெளியே அனுப்புவேன், மறுநாள் ஒன்று உள்ளே வரும். லைசென்ஸுக்காகச் சோதிக்க அரசாங்க ஆய்வாளர் வரும் தேதி தெரிந்ததும் இரண்டு லாரி பிடித்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, தக்காளிச் செடிக்காகக் காவல்காரரின் சாபத்தையும் வாங்கிக்கொண்டு, மொத்தத்தையும் வழித்தெடுத்து அனுப்பினேன். சோபா மட்டும் லாரியில் ஏற மறுத்துவிட்டது. அது அங்கேயே கிடந்தது.

அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் முதலாளி குண்டைத் தூக்கிப் போட்டார். ஆய்வாளர் வரும் அதே நாளில், சிலிண்டர் வாங்கி விற்கப்போகிற டீலர்கள் எல்லோரையும் ஆலை பார்க்க அழைத்துவிட்டாராம். அவர்களிடம் 'ரெண்டு டேங்கு' என்று ஏற்கனவே வாய் விட்டுவிட்டாராம். "வெறும் மேடையைப் பாத்தா என்ன நினைப்பாங்க? டேங்கை எவனோ திருடிட்டுப் போயிட்டான்னு நினைப்பாங்க" என்றார். அடுத்த நாள் காலையில் நான் போனபோது, மேடையின் மேல் ஒரு டேங்கு உட்கார்ந்திருந்தது. நாடகங்களுக்கு அரண்மனை, சிறைச்சாலை எல்லாம் செட் போடுகிறவரைக் கூப்பிட்டு, மூங்கில், துணி, அட்டை வைத்து முதல் டேங்கைப் போலவே ஒன்று செய்து வைத்துவிட்டார். நான் பதறிப்போய், "சார், மொத டேங்குல சோதனை ஓட்டத்துக்குக் கேஸ் ஏத்தி வெச்சிருக்கோம். அதுக்குப் பக்கத்துல துணியையும் மூங்கிலையும் கொண்டாந்து வெக்கிறதா? ஆய்வாளர் பாத்தா அவ்வளவுதான்" என்றேன். "ஒரே ஒரு நாள்யா. அவர் போனதும் பிரிச்சிடலாம்" என்றார். முடியவே முடியாது என்றேன். "அப்ப நீ வேற எடம் பாத்துக்கோ" என்றார். எனக்கு வீட்டில் பிரிக்காமல் கிடக்கும் பெட்டிகள் கண்ணுக்கு முன் வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டேன்.

செட்டுக்காரர் தன் தொழிலில் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏணி, போல்ட்டு, வெல்டிங் தழும்பு எல்லாவற்றையும் வண்ணத்திலேயே வரைந்திருந்தார். கீழே தரையில் டேங்கின் நிழலைக்கூடத் தீட்டியிருந்தார். மத்தியானம் வெயில் எந்தப் பக்கம் போனாலும் அந்த நிழல் மட்டும் நகரவில்லை. முன்பக்கம் அழகாக ஒரு பிரஷர் மீட்டரும் வரைந்து வைத்தார். அதில் ஊசியை எங்கே வைப்பது என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிவப்புப் பக்கம்தான் பார்க்க எடுப்பாக இருந்ததாம், அங்கே வைத்துவிட்டார்.

ஆய்வாளர் குள்ளமான, அமைதியான மனிதர். ஆலைகளில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். முதல் டேங்கைப் பார்த்தார், வால்வைத் திருகிப் பார்த்தார், ஷெட்டில் ஒரு சிலிண்டரை நிரப்பச் சொல்லி எடை போட்டார், தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்த்தார். பின்னாலேயே டீலர்கள் கூட்டம், அவர்களுக்கு நடுவே முதலாளி, வேலை எப்படி வந்திருக்கிறது என்று ரசிக்க வந்த செட்டுக்காரர், கடைசியில் நான். தூரத்தில் இரண்டாவது டேங்கைப் பார்த்து ஆய்வாளர் நின்றார்.

"விண்ணப்பத்துல ஒரு டேங்குதானே இருக்கு?"

முதலாளி முந்திக்கொண்டார். "அது... வந்து... எதிர்காலம் சார்."

"எதிர்காலமா? அதுக்குள்ள கேஸ் இருக்கா இல்லையா?"

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன், அத்தான். முதலாளி என் பாதத்தைத் தன் பூட்ஸால் மிதித்தார். "ஆ" என்று மட்டும் சத்தம் வந்தது. ஆய்வாளர் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீட்டரை உற்றுப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "ஊசி சிவப்புல நிக்குதுய்யா! ஓடுங்க!" என்று கத்தினார். அடுத்த நொடி அபாயப் பொத்தானை அவரே ஓங்கிக் குத்தினார்.

சைரன் அலறியது. பம்பு உறுமியது. நான் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தபடி ஷெட்டில் இருந்தவர்கள் மெஷினை நிறுத்தி, வால்வை மூடி, கிழக்குப் பக்கம் ஓடினார்கள். டீலர்கள் அவர்களைப் பார்த்து ஓடினார்கள். அது துணி டேங்கு என்று தெரிந்த நானும் ஓடினேன், அத்தான்! சைரன் என்றால் ஓட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் காலே பழகிவிட்டது. அந்த டேங்கைத் தன் கையால் செய்த செட்டுக்காரர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் முன்னால் முதலாளி. மொத்தக் கூட்டமும் மைதானத்தில் போய்த்தான் நின்றது. தள்ளுமுள்ளு இல்லை, யாரும் யார் மேலும் விழவில்லை. ஷெட்டுக்கு வெளியே நின்ற ஒரு லாரியும் சுலபமாகத் திரும்பி வாசல் வழியாகப் போய்விட்டது. மூச்சிரைக்க வந்த ஆய்வாளர், நடுவில் கிடந்த சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அங்கிருந்து பார்த்தால் இரண்டு டேங்கின் மேலும் தண்ணீர் ஜோராகக் கொட்டுகிறது. முதல் டேங்கு பளபளவென்று நின்றது. இரண்டாவது டேங்கில் வெள்ளை வழிய ஆரம்பித்தது. பிறகு ஏணி ஒழுகியது. போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணீர் விட்டன. சிவப்பில் நின்ற ஊசி மெதுவாகக் கரைந்து, வழிந்து, பச்சைக்கு வந்து சேர்ந்தது. "அபாயம் நீங்கிருச்சு" என்றார் ஒரு டீலர், நிஜமாகவே ஆறுதலாக. கடைசியில் துணி கிழிந்து, மூங்கில் விலா எலும்பெல்லாம் தெரிய, டேங்கு முனகிக்கொண்டே குப்புற விழுந்தது. செட்டுக்காரர், "மழை சீன்னு சொல்லியிருந்தா ஆயில் பெயின்ட் அடிச்சிருப்பேனே" என்றார்.

ஆய்வாளர் சரமாரியாகத் திட்டினார். கேஸ் டேங்கு பக்கத்தில் துணியும் மூங்கிலும் வைத்ததற்கு உள்ளே தள்ளலாம் என்றார். முதலாளி மாமனார் வீட்டுக்கு முதல் முறை போனவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போச்சு, வேலை போச்சு, வீடு போச்சு, உங்கள் வாக்கும் போச்சு, அக்காவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். திட்டி முடித்து, தண்ணீர் குடித்து, ஆய்வாளர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு. தண்ணி சரியா வந்துச்சு. ஆளுங்க சரியா வெளியே வந்தாங்க. மத்த ஆலையில எல்லாம் சைரன் அடிச்சா காம்பவுண்டு சுவர்ல முட்டிக்கிட்டு நிப்பாங்க. விரிவுபடுத்தணும்னு நாலு வருஷம் கழிச்சு எங்கிட்ட வருவாங்க, எடம் எங்கடான்னா முழிப்பாங்க. இங்க இல்லாத டேங்குக்குச் செஞ்சு வெச்சதுல ஒரு குறையும் இல்லை. இருக்கிற டேங்குலதான் சில்லறைக் குறை. இந்த எடத்தை இப்படிக் காலியா விடணும்னு யாருக்குத் தோணுச்சு?"

"எனக்குத்தான் சார்" என்றார் முதலாளி, கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு. "இவர்கூட எதுக்குன்னு கேட்டாரு. நான்தான் எதிர்காலத்தை நினைச்சுப் பாக்கணும்யான்னு சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அத்தான். அவர் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லட்டும் என்றுதான் இருந்தது. குப்பையை அள்ளி, சொன்ன குறைகளை எல்லாம் சரிசெய்து தகவல் கொடுத்தோம். நேற்று ஆய்வாளர் திரும்ப வந்தார்; எல்லாவற்றையும் மறுபடி தட்டிப் பார்த்தார்; கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் கிடைத்துவிட்டது! வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி கிழியும் சத்தம், பிறகு பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன், அத்தான். பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு, "இது என்னோடது, இது என்னோடது" என்று சண்டை போட்டார்கள். வெகுநாள் கழித்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஆகவே எங்களைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். உங்கள் வாக்கு காப்பாற்றப்பட்டது. நாங்கள் இங்கே நிலையாக ஊன்றிவிட்டோம். நீங்களும் அக்காவும் நோய்நொடி இல்லாமல் நீடித்திருந்து எங்களை வாழ்த்த வேண்டும். கடைப் பையன்களையும் தையல்காரரையும் விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் இரண்டும் அத்தைக்கும் மாமாவுக்கும் முத்தம் சொல்லச் சொல்கிறார்கள். அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முதலாளி வந்துவிட்டார். ஆய்வாளர் புகழ்ந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "எதிர்காலம் வந்துருச்சு இன்ஜினியரே! ரெண்டாவது டேங்கு, மூணாவது டேங்கு ரெண்டுக்கும் சொல்லிட்டேன். அந்த மைதானம் அதுக்குச் சரியாப் போயிடும். அப்புறம் எங்க போவோம்? புதுசா ஒரு காலி எடம் காட்டு!" என்றார். முதல் தடவையாக என்னிடம் ஒருவர் வாய்விட்டுக் காலி இடம் கேட்கிறார். சந்தோஷத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. வரைபடத்தை விரித்து, பாதுகாப்பு இடைவெளி எல்லாம் கணக்குப் பார்த்து, மேற்கே தாராளமாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். "பிரமாதம்! நீ சொன்னதுதான், அங்க ஒரு சட்டி பானைகூட இருக்கக் கூடாது. இந்த வாரமே வழிச்சுடு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். பெருமையாக வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். அவள் கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள். "ஏங்க, இந்தக் கட்டத்துக்குள்ள சின்னதா ஒரு வீடு தெரியுதே, அது யாரோடது?" என்றாள். நானும் பார்த்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ்தான். அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். இப்போது மறுபடி பாத்திரச் சத்தம் கேட்கிறது. புது வீடு கட்டித் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார், எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாகவே வைத்துக்கொள்ளவும். உங்கள் வீட்டு மாடியில் ஓர் அறையைப் பையன் கல்யாணத்துக்குப் பிறகு தேவைப்படும் என்று நீங்கள் பூட்டியே வைத்திருப்பதாக அக்கா சொன்னாள். காலி இடத்தை அப்படிச் சும்மா போட்டு வைக்கக் கூடாது, அத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறோம்.